நலமாக இருப்பதால் கிடைக்காத உதவித்தொகை

சர்க்கரை நோயாளி இருக்கும் வீடுகளில், காபிக்குப் போடும் இனிப்பு மாத்திரை டப்பா ஒன்று சமையலறை அலமாரியில் இருக்கும். அஸ்பார்டேம் சேர்ந்த மாத்திரையாக இருந்தால் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 'பீனைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல' என்ற பொருளில், கண்ணாடி போட்டாலும் படிக்கச் சிரமமான பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். சர்க்கரை சேர்க்காத குளிர்பான டின்களிலும் இதே எச்சரிக்கை உண்டு. அன்றாடம் எத்தனையோ பேர் கையில் புரளும் வரி. அது யாருக்காக எழுதப்பட்டது என்று யோசித்தவர்கள் குறைவு.

பிறவியிலேயே ஒரு நொதி வேலை செய்யாதவர்களுக்காக எழுதப்பட்டது அது. நாம் சாப்பிடும் புரதம் அமினோ அமிலங்களாக உடைகிறது. அவற்றில் ஒன்று பீனைல்அலனின். கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை உடம்புக்கு ஏற்றபடி மாற்றித் தர வேண்டும். நொதி பழுதாக இருந்தால் பீனைல்அலனின் இரத்தத்தில் ஏறிக்கொண்டே போய், வளரும் மூளையைக் கெடுத்துவிடும். இதுதான் பீனைல்கீட்டோனூரியா, சுருக்கமாக பி.கே.யு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் பத்தாயிரம் முதல் பதினைந்தாயிரம் பிறப்புகளுக்கு ஒரு குழந்தை இந்தக் கோளாறோடு பிறக்கிறது.

உணவைச் சக்தியாகவும் சதையாகவும் மாற்றும் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்து பிறப்பவர்களின் நோய்களுக்கு 'பிறவி வளர்சிதை மாற்றக் கோளாறுகள்' என்று பொதுப்பெயர். இவற்றில் நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் அரிது. எல்லாவற்றையும் கூட்டினால் அவ்வளவு அரிதல்ல. இந்தக் குழந்தைகள் கல்லூரிக்குப் போவார்கள் என்று இரண்டு தலைமுறைக்கு முன்னால் எந்த மருத்துவரும் சொல்லியிருக்க மாட்டார். இன்று போகிறார்கள். பொறியியல் படிக்கிறார்கள், சட்டம் படிக்கிறார்கள். அவர்களுக்கென்றே சில நாடுகளில் கல்வி உதவித்தொகை இருக்கிறது. நம் நாட்டு அரசுத் திட்டங்களிலோ, இவர்களில் பலரால் விண்ணப்பமே போட முடியாது. அதற்குக் காரணம், படிவத்தில் உள்ள ஒரே ஒரு கேள்வி.

அமெரிக்காவில் 'நேஷனல் பி.கே.யு. நியூஸ்' என்று ஒரு சிறிய அமைப்பு. வர்ஜீனியா ஷூயட் என்ற உணவியல் நிபுணர் தொடங்கியது. பி.கே.யு. குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்குச் செய்திமடலும், எந்தப் பண்டத்தில் எவ்வளவு பீனைல்அலனின் என்று சொல்லும் பட்டியலும், சமையல் புத்தகமும் வெளியிட்டு வந்தது. அதோடு கல்லூரி மாணவர்களுக்கு 'கத்ரி-கோக்' என்ற பெயரில் ஒரு உதவித்தொகையும் கொடுத்தது. பெரிய தொகை அல்ல. விண்ணப்பிக்கும் மாணவருக்கு பி.கே.யு. இருக்க வேண்டும், அதற்குரிய உணவுக் கட்டுப்பாட்டை அவர் கடைப்பிடித்துவர வேண்டும் என்பது தகுதி.

கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்து நலமாக இருப்பவருக்குத்தான் பணம். இந்த நிபந்தனையின் அருமை தெரிய வேண்டுமானால், அந்தப் பெயரில் உள்ள இருவரையும் அவர்களுக்கு முன்னால் வந்தவர்களையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கதை நார்வேயில் 1934ல் தொடங்குகிறது. ஆஸ்லோவில் ஒரு தாய்க்கு இரண்டு குழந்தைகள்; இருவருக்குமே மனவளர்ச்சி இல்லை. குழந்தைகள் மீது விநோதமான ஒரு பூசண வாடை அடிக்கிறதே, அது ஏன் என்று அவர் மருத்துவர் மருத்துவராக ஏறி இறங்கிக் கேட்டுவந்தார். அஸ்பியோர்ன் ஃபெல்லிங் என்ற மருத்துவர் மட்டும் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. குழந்தைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு சொட்டு விட்டார். வழக்கமாக வர வேண்டிய நிறம் வராமல் பச்சையாகியது. அங்கிருந்து தேடித் தேடி நோயைக் கண்டுபிடித்தார். நோய்க்குப் பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியர் பேர்ல் பக்கின் மகளுக்கும் இதே நோய்தான். அந்தப் பெண் வாழ்நாளின் பெரும்பகுதியைக் காப்பகத்தில் கழித்தார்.

அடுத்த திருப்பம் இங்கிலாந்தில். 1951ல் பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனையில், இரண்டு வயதுகூட நிறையாத ஒரு பெண் குழந்தைக்கு பி.கே.யு. என்று ஹார்ஸ்ட் பிக்கல் கண்டுபிடித்தார். இதற்குச் சிகிச்சை கிடையாது என்று சொல்லிப் பார்த்தார், தாய் கேட்கவில்லை. காலைதோறும் ஆய்வகத்துக்கு வந்து, என் குழந்தைக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று நின்றார். கடைசியில் பிக்கலும் சக ஆய்வாளர்களும் பாலில் உள்ள புரதத்தை உடைத்து, பீனைல்அலனினை மட்டும் வடிகட்டி நீக்கி, ஒரு பானம் தயாரித்தார்கள். தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதுகொண்டேயிருந்த குழந்தை, சில மாதங்களில் தவழ்ந்தது, நின்றது, கண்ணில் ஒளி வந்தது. இது உணவால்தானா என்று உறுதிப்படுத்த, தாய்க்குச் சொல்லாமல் பானத்தில் மறுபடி பீனைல்அலனினைக் கலந்து பார்த்தார்கள். சில நாளில் குழந்தை பழையபடி ஆயிற்று. இன்றைக்கு எந்த மருத்துவ நெறிக் குழுவும் அனுமதிக்காத சோதனை அது. ஆனாலும் சந்தேகம் தீர்ந்தது: இந்த நோய்க்குச் சாப்பாடே மருந்து. 1953ல் முடிவை வெளியிட்டார்கள். அந்தக் குழந்தையின் மூளை அதற்கு முன்பே பெருமளவு கெட்டிருந்தது. அதைத் திருப்ப முடியவில்லை.

ஆக, மருந்து பலிக்க வேண்டுமானால் பிறந்த சில நாளிலேயே நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கேதான் ராபர்ட் கத்ரி வருகிறார். அவர் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் புற்றுநோய் ஆய்வில் இருந்தவர். அவருடைய மகன் மனவளர்ச்சிக் குறைபாட்டோடு பிறந்தவன், அவனுக்கு பி.கே.யு. இல்லை. ஆனால் மனைவியின் சகோதரி மகளுக்கு அந்த நோய் இருந்தது. 15 மாதம் கழித்துத்தான் தெரியவந்தது. பிறந்த வாரமே தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்ற தவிப்பு அவரை விடவில்லை.

அவர் கண்டுபிடித்த முறை அவ்வளவு எளிமையானது. குழந்தையின் குதிகாலில் சிறிதாகக் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தை வடிதாளில் ஒற்றி உலரவிட வேண்டும். தபாலில்கூட அனுப்பலாம். ஆய்வகத்தில் அந்தத் தாளில் பொட்டு அளவு வெட்டி, பாக்டீரியா பரப்பிய கூழ்த்தட்டில் வைப்பார்கள். அந்தத் தட்டில் பாக்டீரியா வளரவிடாமல் தடுக்கும் பொருள் ஒன்று கலந்திருக்கும்; பீனைல்அலனின் மிகுந்திருந்தால் மட்டும் தடை உடைந்து, பொட்டைச் சுற்றி பாக்டீரியா வெள்ளை வளையமாக வளரும். வளையம் தெரிந்தால் அந்தக் குழந்தையின் வீட்டுக்கு உடனே தகவல் போகும். 29 மாநிலங்களில் நான்கு லட்சம் குழந்தைகளுக்குச் சோதித்ததில் 39 குழந்தைகளுக்கு நோய் இருப்பது தெரிந்தது. 1963ல் மாசசூசெட்ஸ் மாநிலம் இந்தச் சோதனையைச் சட்டமாக்கியது. பிறகு மற்ற மாநிலங்கள், பிறகு உலகின் பல நாடுகள்.

பெயரில் உள்ள இன்னொருவர் ரிச்சர்ட் கோக், லாஸ் ஏஞ்சல்ஸ் குழந்தைகள் மருத்துவமனையின் மருத்துவர். ஆரம்பத்தில் ஐந்தாறு வயதோடு உணவுக் கட்டுப்பாட்டை நிறுத்திவிடலாம் என்றுதான் மருத்துவர்கள் நம்பினார்கள். அதற்குள் மூளை வளர்ந்துவிடும் என்பது கணக்கு. 1967ல் தொடங்கி கோக் முன்னின்று நடத்திய நீண்ட ஆய்வில், கட்டுப்பாட்டை விட்ட பிள்ளைகள் படிப்பில் பின்தங்குவது தெரிந்தது. அதோடு, பி.கே.யு. உள்ள பெண் கட்டுப்பாடு இல்லாமல் கருவுற்றால், நோயில்லாத குழந்தைக்கும் மூளையும் இதயமும் பாதிக்கப்படும் என்பதும் உறுதியாயிற்று. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழு, கட்டுப்பாடு ஆயுள் முழுவதும் வேண்டும் என்று சொல்லிவிட்டது.

ஆயுள் முழுவதும் என்றால், வீட்டைவிட்டு விடுதிக்குப் போகும் 18 வயதிலும்தான்.

மதுரையிலோ கோவையிலோ விடுதியில் தங்கி பொறியியல் படிக்கும் ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு பி.கே.யு.வின் கடுமையான வகை. இத்தகையவர்களில் பலருக்கு, இயற்கை உணவிலிருந்து ஒரு நாளைக்கு 5 முதல் 7 கிராம் புரதம்தான் அனுமதி. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. நூறு கிராம் அரிசியில் ஏறத்தாழ 7 கிராம். ஒரு இட்லிக்கு 2 கிராம் என்று வைத்தால், மூன்று இட்லியோடு அன்றைய கணக்கு தீர்ந்தது. சாம்பார் தொடக்கூடாது, தயிர் கூடாது, மதியம் பருப்பு கூடாது, மாலையில் சுண்டல் கூடாது. வயிற்றை நிரப்ப, புரதம் ஏறக்குறைய இல்லாத மாவுப்பண்டங்கள்தான் கைகொடுக்கும். சேலத்து ஜவ்வரிசி இந்தக் குடும்பங்களுக்கு உண்மையிலேயே ஒரு வரம். நிலக்கடலை போடாமல் காய்கறி அளந்து போட்டு உப்புமா கிண்டலாம்.

உடம்பு வளர வேண்டிய புரதத்துக்கு, பீனைல்அலனின் நீக்கிய அமினோ அமிலப் பவுடரை நாளுக்கு மூன்று வேளையோ அதற்கு மேலோ கரைத்துக் குடிக்க வேண்டும். பழகாதவர்களுக்கு அதன் வாடையே குமட்டும். வகுப்பறையில் ஷேக்கர் பாட்டிலைத் திறந்தால் பக்கத்து பெஞ்சு திரும்பிப் பார்க்கும். அறையில் கிராம் தராசு ஒன்று வேண்டும். சமைக்க ஒரு மின் அடுப்பு வேண்டும். பல விடுதிகளில் அதற்கு அனுமதி கிடையாது. மெஸ் கட்டணமோ முழுதாகக் கட்டியாக வேண்டும், சாப்பிடாவிட்டாலும்.

கணக்கு தவறினால் என்ன ஆகும்? காய்ச்சல் மாதிரி வெளியே தெரியாது. பீனைல்அலனின் ஏறினால் கவனம் சிதறும், மனம் சோரும், திட்டமிட்டு ஒரு வேலையைச் செய்வது கடினமாகும். புத்தகத்தில் கண் ஓடும், மனதில் ஏறாது. பரீட்சை நேரத்தில் மற்ற பிள்ளைகள் தூக்கத்தை விட்டுப் படிக்கும்போது, இவள் அதோடு தராசையும் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 'வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் படிக்க வைத்தோம்' என்று பெற்றோர் சொல்வார்கள் அல்லவா? இங்கே பிள்ளையே வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் படிக்க வேண்டும். பார்ப்பவர்கள் என்னவோ, 'நன்றாகத்தானே இருக்கிறாய்?' என்றுதான் கேட்பார்கள்.

அந்த மூன்று வேளையும் தராசும் தவறாமல் இருந்தவருக்கு ஊக்கம் தருவதுதான் கத்ரி-கோக் உதவித்தொகையின் நோக்கம். நோயை வைத்துக்கொண்டு மூளையைக் காத்துக்கொண்டாயே, அதற்காக வைத்துக்கொள் என்று கொடுத்த பணம் அது.

அமெரிக்காவில் இப்போது வேறு உதவித்தொகைகளும் வந்துவிட்டன. 'எவ்ரிலைஃப் ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பு ஹொரைசன் மருந்து நிறுவனத்தின் நிதியோடு 2020ல் 'ரேர் ஈஸ்' என்ற உதவித்தொகையைத் தொடங்கியது. எந்த அரிய நோயானாலும் சரி, தேர்வானவருக்கு ஒருமுறை 5,000 டாலர். நான்காண்டுப் பட்டப்படிப்புதான் வேண்டும் என்பதில்லை. தொழிற்பயிற்சிப் பள்ளியில் சேர்பவரும் விண்ணப்பிக்கலாம். இன்ன நோய் இருக்கிறது என்று மருத்துவர் எழுதித் தந்தால் போதும். மருந்து விற்கும் நிறுவனமே நோயாளிக்குப் பரிசு கொடுப்பதில் சுயநலம் இல்லையா என்று கேட்டால், இருக்கத்தான் செய்யும். அதனால்தான் தேர்வை நிறுவனம் நடத்தாமல் வெளி அமைப்பின் பொறுப்பில் விடுவது அவசியமாகிறது. அந்த ஏற்பாடு சரியாக இருக்கும்வரை, பிள்ளையின் கட்டணம் கட்டப்படுவதே முக்கியம்.

இதே எவ்ரிலைஃப் அமைப்பு 2021ல் ஒரு கணக்கை வெளியிட்டது. 379 அரிய நோய்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவுக்கு ஏற்பட்ட சுமை 96,600 கோடி டாலர். அதில் நேரடி மருத்துவச் செலவு 43 சதவீதம்தான். மீதியெல்லாம் வேலை இழப்பு, வேலைக்குப் போக முடியாத பெற்றோர், பயணம், வீட்டு மாற்றம் போன்றவை. மருந்துக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டால் குடும்பத்தின் பாரத்தில் பாதிகூட இறங்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நம் நாட்டுக்கு வருவோம். பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் குதிகால் இரத்தப் பரிசோதனை இந்தியாவில் இன்னும் வரவில்லை. கோவா, கேரளம் போன்ற சில மாநிலங்கள் தங்கள் அளவில் செய்திருக்கின்றன. இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வரும்போது உண்டாகின்றன. அப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று உறவுக்குள் திருமணம் செய்யும்போது, இருவரிடமும் ஒரே பழுதான மரபணு இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. நாட்டில் உறவுத் திருமணம் அதிகம் நடக்கும் மாநிலங்களில் தமிழ்நாடு ஒன்று. எனவே இது எங்கோ இருப்பவர்களின் பிரச்சினை அல்ல.

2021ல் மத்திய அரசு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. நோய்களை மூன்று பிரிவாக்கியது. சிறப்பு உணவு தேவைப்படும் பி.கே.யு., மேப்பிள் சிரப் சிறுநீர் நோய், ஹோமோசிஸ்டினூரியா, கேலக்டோசீமியா போன்றவை இரண்டாம் பிரிவில் வருகின்றன. 2022ல் சிகிச்சைக்கான நிதியுதவியின் வரம்பு 50 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. எந்தப் பிரிவு நோயாளியானாலும் அரசு அறிவித்த உயர் சிறப்பு மையங்கள் வழியாகப் பெறலாம் என்று ஆயிற்று. சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் அந்த மையங்களில் ஒன்று. இது நல்ல தொடக்கம், சந்தேகமில்லை. ஆனால் இது சிகிச்சைக்கான கொள்கை. பிழைத்த பிள்ளை படிக்கப் போகும்போது ஆகும் செலவு இதில் வராது.

அப்படியானால் மாற்றுத்திறனாளிகளுக்கான கல்வி உதவித்தொகையில் சேரலாமே? அங்கேதான் அந்தக் கேள்வி நிற்கிறது: குறைபாடு எத்தனை சதவீதம்?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் சலுகைகள் உண்டு. ஒன்பதாம் வகுப்பிலிருந்து முதுகலை வரை மத்திய அரசு தரும் உதவித்தொகைகள், உயர்கல்வியில் 5 சதவீத இடஒதுக்கீடு எல்லாமே இந்த நாற்பதைத் தாண்டினால்தான். வருமான வரம்பு தனி. பள்ளி, கல்லூரி உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

வளர்சிதை மாற்றக் கோளாறு அந்த 21ல் தனியாக இல்லை. எலும்பைத் தாக்கும் வகை உள்ளவருக்கு உடல் இயக்கக் குறைபாடு என்ற தலைப்பில் சான்றிதழ் கிடைக்கலாம். நரம்பு பாதித்தவருக்கு நரம்பியல் பாதிப்பு என்ற தலைப்பில் கிடைக்கலாம். பி.கே.யு. உள்ள பிள்ளைக்கோ, நோய் தாமதமாகத் தெரிந்து மூளை கெட்டுப்போயிருந்தால் அறிவுசார் குறைபாடு என்று சான்றிதழ் கிடைக்கும். நோய் முன்கூட்டியே தெரிந்து, தாய் இரவு பகலாகத் தராசில் நிறுத்துப் பார்த்து வளர்த்து, பிள்ளை கல்லூரி வாசலுக்கு வந்துவிட்டால் சதவீதம் பூஜ்ஜியம். கெட்டுப்போனதை அளக்க நம்மிடம் அளவுகோல் இருக்கிறது. கெடாமல் காப்பதற்கு ஆகும் செலவையும் உழைப்பையும் அளக்க எதுவும் இல்லை.

நாற்பது என்ற கோடு ஏன் வந்தது என்பது புரியாததல்ல. போலிச் சான்றிதழ்கள் நடமாடும் நாட்டில் எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். கை, கால், கண், காது குறைபாட்டுக்கு அந்தக் கோடு ஓரளவு பொருந்துகிறது. இரத்தத்தில் ஓடும் கோளாறுக்கு அது பொருந்தாது. அதோடு, வெளியே தெரியாத நோயைச் சட்டம் ஏற்றுக்கொண்ட முன்னுதாரணமும் இருக்கிறது. தலசீமியா, ஹீமோஃபிலியா, அரிவாள் உயிரணு நோய் ஆகிய மூன்றும் 2016ல்தான் பட்டியலுக்குள் வந்தன. அதற்குமுன் அந்த நோயாளிகளுக்கும் இதே பதில்தான் கிடைத்தது.

உச்ச நீதிமன்றமும் 2021 பிப்ரவரியில் ஒரு கதவைத் திறந்துவிட்டது. எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் பிரச்சினை உள்ள ஒரு தேர்வர், குடிமைப்பணித் தேர்வில் தனக்குப் பதில் எழுத ஒருவரைக் கேட்டார். நாற்பது சதவீதம் இல்லை என்று மறுத்தார்கள். ஒருவருக்குக் குறைபாடு இருக்கிறதா என்பது வேறு, அது நாற்பதைத் தாண்டுகிறதா என்பது வேறு. தேவையான வசதியைக் கேட்கும் உரிமை நாற்பதுக்குக் கீழே இருப்பவருக்கும் உண்டு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்டில் மத்திய அரசு அதற்கான நெறிமுறையும் வெளியிட்டது. தேர்வு அறைக்குள் அந்தக் கோடு தளர்ந்துவிட்டது. உதவித்தொகைப் படிவத்தில் இன்னும் தளரவில்லை.

பி.கே.யு.வை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் போதாது. கிளைகோஜன் சேமிப்பு நோயின் முதல் வகை உள்ளவருக்குச் சில மணி நேரம் சாப்பிடாவிட்டால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கும். 1980களில் கண்டுபிடித்த வைத்தியம், கடையில் கார்ன்ஃப்ளோர் என்று கிடைக்கும் மக்காச்சோள மாவுச்சத்து. வேகவைக்காமல் பச்சையாகத் தண்ணீரில் கலக்கிக் குடித்தால், மெதுவாகச் செரித்துச் சர்க்கரையைத் தாங்கிப் பிடிக்கும். நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை, நள்ளிரவிலும் அலாரம் வைத்து எழுந்து குடிக்க வேண்டும். மூன்று மணி நேரப் பரீட்சைக்கு அந்த பாட்டிலை உள்ளே கொண்டுபோக விடுவார்களா என்பது இவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள மாணவர்கள் தின்பண்டமும் தண்ணீரும் கொண்டுவரலாம் என்று சிபிஎஸ்இ 2017ல் அனுமதித்தது. அதே வரியில் இவர்களையும் சேர்க்கலாம்.

கோஷே நோய் உள்ளவர்களின் சிக்கல் வேறு. இல்லாத நொதியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரத்தக்குழாய் வழியாக ஏற்ற வேண்டும். ஆண்டுக்கு 26 முறை. ஏற்றுவதற்கு ஓரிரு மணி நேரம்தான். தென்மாவட்டத்திலிருந்து சென்னைக்கு ரயிலேறி வந்து திரும்புபவருக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் போகும். எம்.பி.எஸ். எனப்படும் நோயின் சில வகைகளுக்கு வாரம் ஒருமுறை. 75 சதவீத வருகைப்பதிவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்ற விதி இவர்களை எங்கே நிறுத்தும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மதிப்பெண் குறைந்தால், மதிப்பெண் அடிப்படையில் தரும் உதவித்தொகையும் போகும். ஆக, இவர்களுக்குப் பணம் மட்டும் போதாது. வருகைப்பதிவில் விலக்கு, விடுதியில் சமைக்க அனுமதி, சாப்பிடாத உணவுக்கு மெஸ் கட்டணக் கழிவு ஆகிய மூன்றும் வேண்டும். இவை கல்லூரி முதல்வர் ஒருவர் மனது வைத்தால் நாளைக்கே கிடைக்கக்கூடியவை.

இப்போதைக்கு இருக்கும் வழிகள் என்ன? உயர் சிறப்பு மையத்தில் நோயை உறுதிசெய்து, நோயின் பெயர், உணவு, மருந்து, அவசர நேரத்தில் செய்ய வேண்டியது எல்லாம் எழுதிய மருத்துவரின் கடிதத்தைக் கல்லூரியில் சேரும் நாளிலேயே கொடுத்துவிட வேண்டும். பலர் பிள்ளையைத் தனியாகப் பார்ப்பார்களோ என்று பயந்து மறைக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் மயங்கி விழுந்தபிறகு சொல்வதைவிட முன்பே சொல்வது நல்லது. பார்வை, எலும்பு, நரம்பு என்று எதிலாவது பாதிப்பு இருந்தால், நாற்பது வராது என்று நாமே முடிவுகட்டாமல் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு அறையில் வசதி கேட்கவும் அது உதவலாம். நோயைப் பற்றியே கேட்காத திட்டங்களையும் விடக்கூடாது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம், பையன்களுக்கு 2024ல் வந்த தமிழ்ப் புதல்வன், குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை ஆகியவற்றுக்கு இவர்களும் தகுதியானவர்களே. மாதம் 1,000 ரூபாய் அந்தப் பவுடர் செலவின் பக்கத்தில்கூட வராது. வாங்காமல் விட அது காரணமாகாது.

பெரிய வேலை அரசுக்கு இருக்கிறது. தேசியக் கொள்கையின் பட்டியலில் 63 நோய்கள் உள்ளன. அந்தப் பட்டியலில் உள்ள நோய் ஒன்று இருக்கிறது, சிகிச்சையும் தொடர்கிறது என்று உயர் சிறப்பு மையம் சான்று கொடுத்தால், சதவீதம் கேட்காமல் கல்வி உதவித்தொகை உண்டு என்று ஒரு விதி போதும். போலிச் சான்றிதழ் பயம் இங்கே எழாது. மரபணுச் சோதனையையும் நொதிச் சோதனையையும் யாரும் தெருமுனையில் வாங்கிவிட முடியாது. எண்ணிக்கை குறைவு என்பதால் செலவும் குறைவு. கொள்கையும் பட்டியலும் மையங்களும் ஏற்கெனவே இருக்கின்றன. சுகாதாரத் துறையின் கையில் இருக்கும் இந்தத் தகவலை மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் படிவத்தோடு இணைப்பதுதான் பாக்கி.

அதுவரை காத்திருக்க வேண்டாத இடமும் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் கல்வி உதவி தரும் அறக்கட்டளைகள், பழைய மாணவர் சங்கங்கள், சாதி சமய சங்கங்கள், கோயில் நிர்வாகங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அவற்றின் விண்ணப்பத்தில் மதிப்பெண், வருமானம், குறைபாட்டுச் சதவீதம் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். நான்காவதாக, 'ஆயுள் முழுவதும் சிகிச்சையிலோ மருத்துவ உணவிலோ இருப்பவரா?' என்று ஒரு கட்டம் சேருங்கள். இந்த ஆண்டு விண்ணப்பம் அச்சுக்குப் போவதற்கு முன்பே சேருங்கள்.